கடலுக்குச் செல்லும் செய்தி

திருச்சியிலும் திருவரங்கத்திலும் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தண்ணீர் என்றால் காவிரி. மணல் என்றால் கொள்ளிடத்து மணல். உச்சிப் பிள்ளையார் கோயிலின் படிகளை ஏறி முடித்து, மூச்சு வாங்க நின்று, எந்தத் திசையில் நோக்கினாலும் நமக்குக் கடல் தெரிவதில்லை. நாகப்பட்டினத்துக் கடற்கரை இங்கிருந்து சுமார் 140 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஆயினும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நம் வானொலியில் ஓர் அறிவிப்பைக் கேட்டிருப்பீர்கள். வங்கக் கடலில் இன்ன இடத்தில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகியிருக்கிறது. பலத்த காற்று வீசக்கூடும். மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று சில வரிகளில் அது முடிந்துவிடும். 'நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு? பள்ளிக்கு விடுமுறை உண்டா இல்லையா, அதை மட்டும் சொன்னால் போதாதா?' என்று மாணவர்கள் எண்ணுவது இயல்பே. அந்தச் சில வரிகளுக்குப் பின்னே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. பல்லாயிரம் உயிர்களை விலையாகக் கொடுத்து மனிதன் கற்ற பாடம் அது. அதைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

நடுக்கடலில் செல்லும் ஒரு பாய்க்கப்பலின் தலைவன் நிலையை முதலில் எண்ணிப் பாருங்கள். கப்பல் தளத்தில் நின்று பார்ப்பவனுக்கு அடிவானம் பதினைந்து கிலோமீட்டருக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. புயலோ பல நூறு கிலோமீட்டர் அகலம் பரந்து கிடப்பது. யானையின் ஒரு காலைத் தடவிப் பார்த்து யானையை அறிய முயன்ற குருடன் கதைதான் அவன் கதையும். எனினும் அவனிடம் சில அறிகுறிகள் இருந்தன. காற்றே இல்லாத வேளையில் எங்கிருந்தோ நீண்ட பேரலைகள் உருண்டு வந்தால், தொலைவில் புயல் இருக்கிறது என்று அறிவான். பாரமானியும் அவனுக்குத் துணை செய்தது. நம் வெப்பமண்டலக் கடல்களில் காற்றின் அழுத்தம் நாள்தோறும் இருமுறை ஏறி இருமுறை இறங்கும். முற்பகல் பத்து மணியளவிலும் இரவு பத்து மணியளவிலும் உச்சத்தில் நிற்கும். அந்த ஒழுங்கு குலைந்து, ஏற வேண்டிய நேரத்தில் பாரமானி இறங்குமானால், அது நல்ல சகுனம் அன்று.

புயலின் மையம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை அறியவும் ஒரு வழி கண்டார்கள். நிலநடுக்கோட்டிற்கு வடக்கே உள்ள கடலில், காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். உங்கள் இடக்கைப் பக்கத்தில் அழுத்தம் குறைந்த பகுதி இருக்கும். ஆலந்து நாட்டு அறிஞர் பைஸ் பாலட் 1857-ஆம் ஆண்டு இவ்விதியை வெளியிட்டார். அதற்கு முன்னரே, நம் நாட்டில், கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன் என்பவர் வங்கக் கடற் புயல்களில் அகப்பட்ட கப்பல்களின் நாட்குறிப்புகளைத் திரட்டி ஆராய்ந்தார். கப்பலுக்குக் கப்பல் காற்று வேறு வேறு திசையில் வீசியிருந்தது; அனைத்தையும் ஒரே வரைபடத்தில் குறித்தபோது அவை சுருண்ட பாம்பைப் போல ஒரு மையத்தைச் சுற்றி நின்றன. பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'சைக்ளோன்' என்ற பெயரை அவர் ஆக்கினார். 1848-ஆம் ஆண்டு அவர் எழுதிய மாலுமிகளுக்கான கைந்நூலில் வந்த அச்சொல்லை இன்று உலகமே வழங்குகிறது. அது வங்கக் கடற்கரையில் பிறந்த சொல் என்பது நாம் நினைவிற் கொள்ளத்தக்கது.

ஆனால் இவ்வளவும் புயலின் விளிம்புக்குள் சென்ற பிறகே பயன்படும் அறிவு. புயல் வருமுன் சொல்ல வேண்டுமானால், புயலைவிட விரைவாகச் செல்லும் ஒரு தூதன் தேவை. அத்தூதன் தந்தி வடிவில் வந்தான்.

புயலுக்குள் காற்று மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் சுழன்றாலும், புயல் என்னும் அந்த முழு உருவம் பெரும்பாலும் மணிக்குப் பதினைந்து, இருபது கிலோமீட்டர் வேகத்திலேதான் நகர்கிறது. மிதிவண்டியில் செல்பவனின் வேகம் அது. தந்தியோ கண்ணிமைக்கும் நேரத்தில் சென்று சேர்வது. ஓரிடத்தில் புயல் தாக்கியதும் அடுத்த ஊருக்குத் தந்தி கொடுத்துவிட்டால், அவ்வூருக்குப் பல மணி நேரம், சில வேளைகளில் ஒரு நாளே அவகாசம் கிடைக்கும். இந்த எளிய உண்மையைச் செயலாக்கியவர் இங்கிலாந்துக் கடற்படைத் தளபதி இராபர்ட் ஃபிட்ஸ்ராய். சார்லஸ் டார்வின் உலகைச் சுற்றி வந்த 'பீகிள்' கப்பலுக்குத் தலைவராக இருந்தவர் அவரே. 1859-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த 'ராயல் சார்ட்டர்' என்னும் கப்பல், ஊர் சேரச் சிறிது தொலைவே இருந்தபோது, வேல்ஸ் நாட்டுக் கரையருகே புயலில் நொறுங்கியது. சுமார் 450 பேர் மாண்டனர். அந்தத் துயரத்திற்குப் பிறகு ஃபிட்ஸ்ராய் கடற்கரை ஊர்களிலிருந்து தந்தி மூலம் வானிலைக் குறிப்புகளைப் பெற்று, 1861-ஆம் ஆண்டு துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பத் தொடங்கினார்.

அவர் கணிப்பு ஒவ்வொரு முறையும் பலித்துவிடவில்லை. பலிக்காதபோது பத்திரிகைகள் நகைத்தன. அறிஞர் சிலர் இது அறிவியலே அன்று என்றனர். தாம் சொல்வது தீர்க்கதரிசனம் அன்று, கிடைத்த குறிப்புகளிலிருந்து முன்கூட்டிக் கருதுவதே என்று அவர் விளக்கிப் பார்த்தார். 1865-ஆம் ஆண்டு அவர் இறந்தார். அடுத்த ஆண்டின் இறுதியில் புயல் எச்சரிக்கைகள் நிறுத்தப்பட்டன. அப்போது அவை மீண்டும் வேண்டும் என்று வாதாடியவர்கள், கடலோடும் மக்களும் துறைமுகத்தாருமே. பல முறை தவறினாலும் சில முறையாவது தங்கள் உயிரைக் காத்த அறிவிப்பின் அருமை அவர்களுக்குத் தெரியும். 1867-ஆம் ஆண்டு எச்சரிக்கைகள் மீண்டும் தொடங்கின.

நம் நாட்டின் கதைக்கு வருவோம். 1864-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் கல்கத்தாவைப் பெரும்புயல் ஒன்று தாக்கியது. ஊக்ளி ஆற்றின் வழியே கடல் மேலேறி வந்தது. சுமார் 50,000 மக்கள் வெள்ளத்தில் மாண்டனர். அடுத்த மாதத் தொடக்கத்திலேயே மசூலிப்பட்டினத்தில் கடல் பொங்கிச் சுமார் 30,000 மக்களைக் கொண்டு சென்றது. இரண்டு இடங்களிலும் மக்களுக்கு முன்னறிவிப்பு ஏதும் இல்லை. மறு ஆண்டே கல்கத்தாத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை முறை ஏற்பட்டது. 1875-ஆம் ஆண்டு இந்திய வானிலை ஆய்வுத் துறை நிறுவப்பட்டது. பிளான்ஃபோர்டு என்பவர் அதன் முதல் தலைவர். 1886-ஆம் ஆண்டளவில் இந்தியத் துறைமுகங்கள் அனைத்துக்கும் எச்சரிக்கை செல்லலாயிற்று. 1898-ஆம் ஆண்டு எல்லாத் துறைமுகங்களுக்கும் ஒரே வகையான அடையாளங்கள் ஏற்பட்டன. 'நாகப்பட்டினம் துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டிருக்கிறது' என்று நாம் கேட்கிறோமே, அந்தக் கூண்டின் வரலாறு இதுதான்.

கூண்டு என்பது உயரமான கம்பத்தில் பகலில் ஏற்றப்படும் கூம்பு, உருளை வடிவங்கள். இரவில் அவற்றுக்குப் பதிலாகச் சிவப்பும் வெள்ளையுமான விளக்குகள். மொத்தம் பதினோர் அடையாளங்கள். எண் கூடக் கூட ஆபத்தும் படிப்படியாகக் கூடுகிறது என்று மட்டும் பலர் எண்ணுகிறார்கள். அது பாதி உண்மையே. முதல் இரண்டு எண்களும் தொலைவில் கடலில் தோன்றியிருக்கும் தாழ்வு மண்டலத்தையும் புயலையும் குறிப்பவை. துறைமுகத்துக்கு உடனடி ஆபத்து இல்லை, வெளியே செல்லும் கப்பல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பது பொருள். மூன்றும் நான்கும் துறைமுகத்தையே நோக்கி மோசமான வானிலை வருகிறது என்பவை. ஐந்து, ஆறு, ஏழு ஆகியவை அபாய அடையாளங்கள். எட்டு, ஒன்பது, பத்து ஆகியவை பேரபாய அடையாளங்கள். இந்த மும்மூன்றில்தான் நுட்பம் இருக்கிறது. ஐந்தும் எட்டும், புயல் துறைமுகத்தைத் தன் இடப்புறம் விட்டுச் செல்லும் என்பதைக் காட்டும். ஆறும் ஒன்பதும் வலப்புறம் விட்டுச் செல்லும் என்பதை. ஏழும் பத்தும் துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ கடக்கும் என்பதை.

இடமா வலமா என்பது ஏன் அவ்வளவு முக்கியம்? நம் பாதியுலகில் புயற் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி நம் கரையைக் கடக்கும் புயலின் வலப்புறத்தில், அதாவது வடக்கே, காற்று கடலிலிருந்து கரையை நோக்கி வீசும். கடல்நீரையும் ஊருக்குள் தள்ளிக்கொண்டு வரும். இடப்புறத்தில், தெற்கே, காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். ஆகவே ஒரே புயலால் ஓர் ஊரில் கடல் உள்ளே புக, வேறோர் ஊரில் கடல் பின்வாங்கவும் கூடும். நங்கூரத்தைப் பலப்படுத்துவதா, துறைமுகத்தை விட்டு ஆழ்கடலுக்கு அகன்று விடுவதா என்று முடிவு செய்யும் கப்பல் தலைவனுக்கு, இந்த ஒரு குறிப்பு உயிர்க்குறிப்பாகும்.

பதினோராம் எண் ஒன்று மிஞ்சுகிறது. அது புயலைப் பற்றிச் சொல்வதன்று. எச்சரிக்கை நிலையத்தோடு தொடர்பு அற்றுவிட்டது, மோசமான வானிலை ஏற்படும் அபாயம் உண்டென்று இங்குள்ள அதிகாரி கருதுகிறார் என்பதே அதன் பொருள். செய்தி வராமற் போவதும் ஒரு செய்தியே என்று நம் முன்னோர் அறிந்து, அதற்கென ஓர் அடையாளத்தை வைத்தார்கள். 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவு தனுஷ்கோடியைப் புயல் விழுங்கியதை எண்ணும்போது இதன் கருத்து விளங்கும். பாம்பனிலிருந்து சென்ற புகைவண்டி, நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளோடு அலையில் மூழ்கியது. தந்தியும் பாதையும் அறுந்துபோன அத்தீவில் நிகழ்ந்த கொடுமை, வெளியுலகுக்கு உடனே தெரியவில்லை.

இனி முக்கியமான ஒரு கேள்வி. கூண்டு துறைமுகத்தில் நிற்பவன் கண்ணுக்குத்தான் தெரியும். மூன்று நாட்களுக்கு முன்னே புறப்பட்டு நடுக்கடலில் இருப்பவனுக்கு யார் சொல்வது? கம்பி இருந்தவரை இதற்கு விடையில்லை. கம்பியில்லாத் தந்தி வந்த பிறகே கரையின் சொல் கடலைச் சென்று சேர்ந்தது. பம்பாய், கல்கத்தா, சென்னை முதலிய இடங்களில் இருந்த கரையோர வானொலி நிலையங்கள் கப்பல்களுக்கு வானிலைச் செய்தியை மார்ஸ் குறியீட்டில் அனுப்பலாயின. காதிற் கருவியை மாட்டிக்கொண்டு, புள்ளியும் கோடுமாய் ஒலிப்பதைக் கப்பலின் வானொலி ஊழியர் எழுதிக்கொள்வார். தலைவர் அதை வரைபடத்தில் குறித்துக்கொள்வார்.

கரை கப்பலுக்குச் சொல்வதுபோலக் கப்பலும் கரைக்குச் சொல்கிறது. நிலத்தில் வானிலை நிலையங்கள் ஆயிரம் வைக்கலாம். கடல் நடுவில் எங்கே வைப்பது? ஆகவே பல நாடுகளின் வணிகக் கப்பல்கள் கூலியின்றி இத்தொண்டை மேற்கொண்டிருக்கின்றன. உலகமெங்கும் ஒரே நேரத்தில், நம் கடிகாரப்படி காலை 5.30, முற்பகல் 11.30, மாலை 5.30, இரவு 11.30 ஆகிய வேளைகளில், காற்று, அழுத்தம், வெப்பம், மேகம், அலை ஆகியவற்றை அளந்து அனுப்புகின்றன. மேலும், புயலைக் கண்ட கப்பல் தலைவர் அதனை அருகிலுள்ள கப்பல்களுக்கும் கரைக்கும் அறிவித்தே தீர வேண்டும் என்பது கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான உலக உடன்படிக்கையின் விதி. ஒரு கப்பல் தான் பட்ட துன்பத்தைச் சொல்ல, மற்றொரு கப்பல் தப்பிக்கிறது. கொடியும் மொழியும் இதற்குத் தடையில்லை.

கப்பலுக்குச் செல்லும் அறிக்கையில் வீண் சொல் ஒன்றும் இராது. முதலில் புயல் எச்சரிக்கை உண்டா இல்லையா என்பது. அடுத்து வானிலையின் இப்போதைய நிலை. பின்னர் ஒவ்வொரு கடற்பகுதிக்கும் காற்றின் திசை, வேகம், மழை, பார்வைக்கு எட்டும் தொலைவு, அலையின் நிலை. வேகத்தைக் கடல் மைலில் சொல்வார்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். காற்று மணிக்கு 17 கடல் மைலை எட்டினால் தாழ்வு மண்டலம். 28-ஐ எட்டினால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 34-ஐ எட்டினால் புயல். 48-ஐ எட்டினால் தீவிரப் புயல். காற்றுக்கு அது வரும் திசையால் பெயரிடுவார்கள். நீரோட்டத்துக்கு அது செல்லும் திசையால் பெயரிடுவார்கள். வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும், கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும் நம் முன்னோர் காற்றுக்குப் பெயரிட்டதும் இம்முறையிலேதான்.

இன்று மார்ஸ் குறியீட்டின் காலம் முடிந்துவிட்டது. செயற்கைக்கோள் வழியாகவும், 518 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் 'நாவ்டெக்ஸ்' வழியாகவும் அறிக்கை கப்பலுக்குள் தானே எழுத்தாக வந்து சேர்கிறது. நாவ்டெக்ஸ் செய்தி சுமார் 250 கடல் மைல் வரை எட்டும். இதற்காக நம் கடற்கரையில் அமைந்த நிலையங்களுள் பரங்கிப்பேட்டையும் முட்டமும் தமிழகத்தில் உள்ளவை. பெரிய கப்பல்களுக்குச் செய்திப் பஞ்சம் இல்லை என்றே சொல்லலாம்.

சிறிய படகின் நிலை வேறு. நாகப்பட்டினம், வேதாரணியம், மல்லிப்பட்டினம், கோட்டைப்பட்டினம் முதலிய ஊர்களிலிருந்து செல்லும் படகில் நாவ்டெக்ஸ் கருவிக்கு ஏது இடம்? அவர்களுக்குப் பெருந்துணையாய் இருந்தது கையடக்கமான டிரான்சிஸ்டர் வானொலிப் பெட்டியே. 1939-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள் தொடங்கிய திருச்சி வானொலியின் மத்திய அலை, நிலத்தை ஒட்டிப் பரவிக் கடற்கரையைச் சேரும். உப்புநீர் மின்சாரத்தை எளிதிற் கடத்துவதால், இவ்வகை அலைகள் நிலத்தைவிடக் கடலின்மீது நெடுந்தூரம் செல்லும். நம் வீட்டுக் கூடத்தில் பேசிய அதே குரல், கோடியக்கரைக்கு அப்பால் வலை வீசிக் காத்திருந்தவன் காதிலும் விழுந்தது. அந்த அறிவிப்பு எதற்காக நம் நிலையத்தில் ஒலித்தது என்பது இப்போது விளங்கும்.

கடலின் செய்தி கடலோடு நின்றுவிடுவதும் இல்லை. 1977-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கு அருகே கரையைக் கடந்த புயல், ஐந்நூறுக்கு மேற்பட்டோரைப் பலி கொண்டது. உள்நாட்டிற் புகுந்து அது பொழிந்த மழையால் ஆறுகள் கரை புரண்டு, நம் திருச்சி நகரமே வெள்ளத்தில் தத்தளித்தது. அன்று தெருக்களில் நீந்திச் சென்றவர்களை உங்கள் பாட்டன் பாட்டியரைக் கேட்டால் சொல்வார்கள். அதே புயல் தீபகற்பத்தைக் கடந்து, அரபிக் கடலில் மீண்டும் வலுப்பெற்றது. நாகப்பட்டினத்து மீனவனுக்குச் சொன்ன எச்சரிக்கை, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே தீவாக அமைந்த திருவரங்கத்துக்கும் உரியதே.

செய்தி போய்ச் சேராவிட்டால் என்ன நேரும் என்பதை 2017-ஆம் ஆண்டு 'ஒக்கி' புயல் காட்டியது. நவம்பர் 29-ஆம் நாள் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலைக்குள் குமரிமுனைக்குத் தெற்கே புயலாக மாறிவிட்டது. குமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டாரத்து மீனவர்கள் பல நாட்கள் கடலிலேயே தங்கி மீன்பிடிப்பவர்கள். புயல் உருவாகுமுன்னரே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அப்பால் சென்றிருந்தார்கள். படகிலிருந்த சிறிய வானொலிக் கருவிகள் சில பத்துக் கிலோமீட்டருக்கு மேல் எட்டக்கூடியவை அல்ல; கைப்பேசிக்கோ கரை தாண்டியதும் உயிரில்லை. கரையில் எழுதப்பட்ட எச்சரிக்கை கரையிலேயே நின்றது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கான மீனவர்கள் மாண்டனர், அல்லது திரும்பவே இல்லை. அதன் பின்னர், செயற்கைக்கோளிலிருந்து செய்தி பெற்று மீனவன் கையிலுள்ள கைப்பேசியில் காட்டும் 'ஜெமினி' என்ற கருவி 2019-ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. அது செய்தியைப் பெறும். படகிலிருந்து மறுமொழி அனுப்பாது. 'நான் இங்கே இருக்கிறேன், என்னைக் காப்பாற்றுங்கள்' என்று கடலிலிருந்து சொல்லும் வழியும் ஒவ்வொரு படகுக்கும் கிடைத்தாக வேண்டும். இன்று நீங்கள் படிக்கும் பௌதிகமும் கணிதமும் நாளை செய்ய வேண்டிய வேலைகளுள் இதுவும் ஒன்று.

முடிவாக ஒன்று. 'புயல் வரும் என்றார்கள், வரவில்லையே!' என்று நாம் எளிதாக நகைத்துவிடுகிறோம். எச்சரிக்கையைக் கேட்டுக் கடலுக்குப் போகாத மீனவனுக்கு அன்றைய கூலி போய்விடுகிறது. அவன் வீட்டு அடுப்பு அன்று தாமதமாகவே எரியும். பொய்த்த எச்சரிக்கையின் விலை அது. சிறிய விலை அன்று. சொல்லாமல் விட்ட எச்சரிக்கையின் விலை என்ன என்பதைக் கல்கத்தாவும் மசூலிப்பட்டினமும் குமரிக் கரையும் அறியும். இவ்விரண்டு விலைகளையும் தராசில் வைத்துப் பார்த்தே, இன்றும் சென்னையில் உள்ள புயல் எச்சரிக்கை மையத்தில் ஒருவர் இரவு முழுதும் விழித்திருந்து சில வரிகளை எழுதுகிறார். அடுத்த முறை அந்த வரிகள் வானொலியில் ஒலிக்கும்போது பெட்டியை நிறுத்திவிடாதீர்கள். அந்த ஒரு நிமிடம், நாம் முகமறியாத ஒருவனுக்காக ஒதுக்கப்பட்டது. அவன் கரை சேர வேண்டும்.